அம்பயருக்கு எவ்வளவு சம்பளம்?



ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் தெரு அண்ணன்மார் காய்ந்த கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடுவார்கள். பேட்டிங் பிடிக்கும் டீமில் சும்மா உட்கார்ந்திருப்பவர்தான் அம்பயர். தன் டீம் ஆளுக்கு அவர் எப்படி அவுட் கொடுப்பார்? வாராவாரம் சண்டைதான். போன வாரம், "நான் அம்பயரா நிக்கிறேண்ணே" என்று கேட்டேன். "போ பிள்ள, அதெல்லாம் ஒரு வேலையா? காசா, பணமா?" என்று சிரித்தார்கள். எனக்கு ரோஷமாகிவிட்டது. விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நாள் கூலி எவ்வளவு?

இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் நடுவர்களைப் பல பிரிவாகப் பிரித்திருந்தது. 2022-ல் வந்த செய்தியின்படி, ரஞ்சிக் கோப்பை போன்ற முதல்தரப் போட்டிகளில் ஏ பிளஸ், ஏ பிரிவு நடுவருக்கு அப்போது ஒரு நாளைக்கு ரூ.40,000 கொடுத்தார்கள். பி, சி பிரிவுக்கு ரூ.30,000 கொடுத்தார்கள். ரஞ்சி லீக் ஆட்டம் 4 நாள் நடக்கும். பெருக்கிப் பாருங்கள்: 4 x 30,000 = 1,20,000. ஒரே மேட்சுக்கு!

ஆனால் இது மாசச் சம்பளம் இல்லை. கொத்தனார் வேலை மாதிரி, மேட்ச் இருந்தால்தான் காசு.

சும்மா கொடுப்பார்களா?

பரீட்சை உண்டு. 2022-ல் அகமதாபாத்தில் நடந்த இரண்டாம் நிலைத் தேர்வுக்கு மொத்தம் 200 மார்க். 90 எடுத்தால் பாஸ். எழுதியவர்கள் சுமார் 140 பேர், பாஸானவர்கள் 3 பேர்தான்! (நம் கணக்குப் பரீட்சையே தேவலை.) அதில் வந்த ஒரு கேள்வி: மரத்தின் நிழலோ, ஃபீல்டரின் நிழலோ பிட்ச்சில் விழுகிறது. பேட்ஸ்மேன் புகார் சொல்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? யோசியுங்கள். விடை கடைசியில்.

நம்மவர்கள்

சென்னையைச் சேர்ந்த எஸ். வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடியவர். பிறகு 73 டெஸ்டுக்கு நடுவராக நின்றார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஜனனி நாராயணன் அந்த வேலையை விட்டுவிட்டு நடுவரானார். 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் முதன்முதலாகப் பெண்கள் நடுவராக நின்றார்கள். அந்த மூவரில் அவரும் ஒருவர். அமெரிக்காவில் பெரிய பேஸ்பால் லீக்கில் ஜென் பாவல் என்ற முதல் பெண் நடுவர் வந்ததே 2025 ஆகஸ்டில்தான். நாம் முந்திவிட்டோம்!

ஆகவே அண்ணன்மாரே, இது வேலைதான், காசும் உண்டு. ஆனால் அந்தக் காசு விரலைத் தூக்குவதற்கு இல்லை. நாள் முழுக்க வெயிலில் நின்று, எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதற்கு. கிரிக்கெட்டில் 42 விதிகள். நான் எல்.பி.டபிள்யூ.வில் இருந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன். வரும் ஞாயிறு மறுபடியும் கேட்பேன். எனக்குக் காசு வேண்டாம், சண்டை இல்லாமல் மேட்ச் முடிந்தால் போதும்.

விடை: மர நிழலைக் கண்டுகொள்ள வேண்டாம். ஃபீல்டரை அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் 'டெட் பால்'.


இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி