விண்டோஸ்-10க்கு மூடுவிழா: பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட வேண்டியதுதானா?

"கம்ப்யூட்டர் நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?"

ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், டி.டி.பி. சென்டர் நடத்துபவர்கள் பலரின் கேள்வி இதுதான்.

2015-ம் ஆண்டு வெளிவந்த 'விண்டோஸ்-10'-க்கு இலவசமாக கொடுத்து வந்த பாதுகாப்பு அப்டேட்டை, மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியுடன் நிறுத்தி விட்டது. இதனால் கம்ப்யூட்டர் நின்று விடாது. வழக்கம்போல ஆன் ஆகும், பிரிண்ட் எடுக்கும். ஆனால் திருடன் நுழைய புதிதாக ஓட்டை விழுந்தால், அடைக்க ஆள் வராது.

விண்டோஸ்-11 போட முடியாதா?

விண்டோஸ்-10ல் இருந்து மாற தனியாக காசு கிடையாது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். தமிழக அரசு 2011-ல் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப் போன்ற பழைய மாடல்களுக்கு அந்த தகுதி கிடையாது.

எக்ஸ்.பி. தந்த பாடம்

இதற்கு முன் 'விண்டோஸ் எக்ஸ்.பி.'யை 2014-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் கைகழுவினார்கள். 2017 மே மாதம் 'வான்னாகிரை' வைரஸ் உலகம் முழுவதும் புகுந்து, பைல்களை பூட்டிவிட்டு பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆபரேஷன்கள்கூட தள்ளிப்போயின. அப்டேட் போடாத கம்ப்யூட்டர்கள்தான் சிக்கின. கைவிட்ட எக்ஸ்.பி.க்கும் அப்போது மைக்ரோசாப்ட் அவசர அப்டேட் கொடுத்தது. ஒவ்வொரு தடவையும் அப்படி கொடுப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

என்ன செய்யலாம்?

* வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13-ந் தேதி வரை நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. கட்டணம் 30 டாலர். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்சை சேமித்தால் இலவசம். கம்பெனிகளுக்கு முதல் ஆண்டு கட்டணம் 61 டாலர்.

* பழைய மிஷினில் 'லினக்ஸ் மின்ட்', 'உபுண்டு' ஆகியவற்றை இலவசமாக போடலாம். ஆனால் பேஜ்மேக்கர் போன்ற விண்டோஸ் சாப்ட்வேர் அதில் நேரடியாக ஓடாது. பிரிண்டர் வேலை செய்கிறதா என்றும் முதலில் பார்க்க வேண்டும்.

* அப்டேட் இல்லாத கம்ப்யூட்டரில் பேங்க் வேலை வேண்டாம். வாடிக்கையாளர்களின் ஆதார், பான் கார்டு நகல்களை அன்றன்றே அழித்து விடுங்கள். முக்கிய பைல்களை தனி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, கழற்றி வையுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய மிஷின் நம்முடையது. அதற்கு ஆயுள் எத்தனை வருஷம் என்பதை முடிவு செய்வது கம்பெனி. எனவே செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கும்போது விலையை பேசும் முன், "விண்டோஸ்-11 ஏறுமா?" என்று கேட்டு, போட்டுக் காட்டச் சொல்லி வாங்குவது நல்லது.