தேங்காய்ப்பாலும் பருப்பும்

யாழ்ப்பாணத்து வீடொன்றின் மதிய உணவை எண்ணிப் பார்க்கலாம். சோறு, பருப்புக்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை, சொதி. குறையேதும் இல்லாத உணவென்றே எவரும் கூறுவர். ஆயினும், சோறு தவிர்ந்த நான்கிலும் தேங்காய் உண்டு. பருப்போ ஒன்றில் மட்டுமே உண்டு, அதுவும் ஒருவருக்கு ஓர் அகப்பை அளவே. கொழுப்பு எண்ணப்படாமலே தட்டுக்கு வந்து சேர்கிறது. புரதத்தைத் தேடிச் சேர்க்கவேண்டியிருக்கிறது.

தசைகளை வளர்ப்பதும் தேய்ந்த இழையங்களைப் புதுப்பிப்பதும் புரதத்தின் தொழிலாகும். நலமுள்ள வளர்ந்தோருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோகிராம் நிறையுள்ளவருக்கு ஏறக்குறைய 50 கிராம். கருவுற்ற தாய்மாருக்கும் பாலூட்டுவோருக்கும் இதனினும் மிகுதியாக வேண்டும். சமைத்த சோற்றில் 100 கிராமுக்கு இரண்டரைக் கிராம் அளவே புரதம் உளது. கோழி முட்டையொன்று 6 கிராம் தரும். நால்வர் உண்ணும் வீட்டில் 100 கிராம் மைசூர்ப் பருப்பை அவித்தால் தலைக்கு 6 கிராம் கிடைக்கும். 200 கிராம் அவித்தால் 12 கிராம். அரிசியின் புரதத்தில் இலைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது நிறைவு. சோற்றுடன் பருப்பைச் சேர்த்த முன்னோர் இக்கணக்கை அறியார். எனினும் அவர் செய்தது சரியே. குறை பருப்பின் அளவில்தான் இருக்கிறது.

இனி, கொழுப்பைப் பகையென ஒதுக்குவதும் பிழை. முருங்கையிலையிலுள்ள கரோட்டீனை உடல் ஏற்பதற்குச் சிறிதளவு கொழுப்பு இன்றியமையாதது. வறையில் தூவும் ஒரு பிடி தேங்காய்ப்பூ அவ்வேலையைச் செய்கிறது. ஆனால் கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தருவது. புரதமும் மாப்பொருளும் 4 கலோரியே தருவன. தேங்காய்ப்பூ 100 கிராமில் 33 கிராம் கொழுப்பும் 3 கிராம் புரதமும் உள. அக்கொழுப்பிலும் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பு. நாளாந்தச் சக்தியில் நிரம்பிய கொழுப்பின் பங்கு பத்தில் ஒன்றை மேவலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவுறுத்தியது. நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு அது ஏறத்தாழ 22 கிராம். சம்பலும் சொதியும் முதற்பால் விட்ட கறியும் ஒரே வேளையில் கூடினால் அவ்வெல்லை எளிதிற் கடக்கப்படும்.

ஆகவே, தேங்காயை விலக்கவேண்டியதில்லை. இடமறிந்து இட்டாற் போதும். பருப்பைத் தடிப்பாக அவித்து, முதற்பாலைத் தவிர்த்து, நல்லெண்ணெயிற் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் சுவை குன்றாது. நல்லெண்ணெயின் கொழுப்பிற் பெரும்பகுதி நிரம்பாதது. சம்பல் அரைக்கும் நாளில் சொதி வேண்டுமா என்பதையும் இல்லத்தரசியர் எண்ணலாம். பழகிய நாக்கு முதலிற் சற்று முணுமுணுக்கும். காலையிற் பிட்டுடன் சீனிக்குப் பதிலாக அவித்த பயறு கொள்ளலாம். சைவ உணவினருக்கு உழுந்து, கடலை, தயிர் ஆகியன உள. மீன் உண்போருக்குச் சூடையும் நெத்தலியும் புரதத்தோடு ஒமேகா-3 கொழுப்பையும் ஒருங்கே தருவன. அவற்றை எண்ணெயில் மொறுமொறுக்கப் பொரிப்பதினும் புளியிட்டுக் குழம்பாக்குவது நன்று.

தட்டின் சமநிலை வேறு, குடும்பத்தின் சமநிலை வேறு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மீனும் முட்டையும் எட்டாத விலையை அடைந்தபோது, பல வீடுகளில் அவை குறைந்தன. குறைந்ததும் எல்லோருக்கும் ஒரே அளவிலன்று. ஆண்களும் பிள்ளைகளும் உண்டபின், எஞ்சிய சோற்றையும் குழம்பின் அடியையும் உண்டு எழுவதே பல தாய்மாரின் வழக்கம். அவள் தட்டில் தேங்காய்ப்பால் இருக்கும். மீன் துண்டு இராது. கறிச்சட்டியை இறக்கியவுடனேயே அவளுக்கென ஒரு துண்டு மீனையும் ஓர் அகப்பைப் பருப்பையும் வேறாக எடுத்து மூடிவைக்கும் வீடுகளும் இருக்கின்றன. அதற்கு மேலதிகமாக ஒரு சதமும் செலவாவதில்லை.