ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டர் காற்று! தெரியுமா?

பங்கில் நின்று ஒரு லிட்டர் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்புகிறோமே, அதை எரிக்க இன்ஜின் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது தெரியுமா? ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கணக்குப் போட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று! பெட்ரோலுக்குப் பைசா சுத்தமாக பில் போடுகிறார்கள். காற்று ஓசி என்பதால் அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் நினைத்துப் பார்க்கிறார்கள். அங்கே 1977 முதல் பிக்கப் விற்பனையில் முதலிடத்தை விடாமல் வைத்திருப்பது ஃபோர்டு எஃப் சீரிஸ். அதில் 5 லிட்டர் வி8 இன்ஜின் போட்ட எஃப்-150 ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தி 6,000 ஆர்.பி.எம்.மில் ஓட்டினால், நிமிடத்துக்கு 15,000 லிட்டர் காற்றைக் குடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் போதும். ஆக, இரண்டாயிரம் பேர் விடும் மூச்சை ஒற்றை இன்ஜின் விடுகிறது!

இந்தக் காற்றுப் பசியைக் காசாக்கவே ஒரு தொழில் உலகம் இருக்கிறது. கம்பெனி ஃபிட்டிங்கைக் கழற்றிவிட்டு மாட்டும் எக்ஸ்ட்ரா பாகங்களைத் தயாரிப்பவர்கள் 1963இல் செமா என்று ஒரு சங்கமே வைத்தார்கள். 1967இல் லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர் ஸ்டேடியத்தில் தொடங்கிய அவர்கள் கண்காட்சி, 1977 முதல் லாஸ் வேகஸில் ஆண்டுதோறும் நடக்கிறது. அங்கே பிக்கப்கள் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிதான் நிற்கும். பானெட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் சிவப்புக் கூம்பு வடிவ ஏர் ஃபில்டரும், அதிலிருந்து வளைந்து போகும் அகலமான குழாயும். கோல்டு ஏர் இன்டேக் என்பார்கள்.

அந்த எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஃபில்டரைப் பிரபலமாக்கிய கே அண்டு என் கம்பெனி, கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் பைக் விற்ற இருவர் 1969இல் தொடங்கியது. காகித ஃபில்டரைத் தூக்கிப் போட வேண்டும். இதைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் விட்டு மறுபடி மாட்டலாம். எண்ணெய் விடுவதில்தான் கைப்பக்குவம். கொஞ்சம் தாராளமாக விட்டால் அது காற்றோடு போய் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் படியும். அந்த சென்சாருக்குள் இருப்பது என்ன தெரியுமா? சூடேற்றிய மெல்லிய பிளாட்டினம் கம்பி! காற்று வீசும்போது கம்பி குளிரும். அதைப் பழைய சூட்டிலேயே வைத்திருக்க எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்பதை வைத்து, எத்தனை கிராம் காற்று போனது என்று இன்ஜின் கணினி கண்டுபிடிக்கிறது. எண்ணெயும் தூசியும் ஒட்டினால் கணக்கு தப்பும், பெட்ரோல் அளவு தப்பும். சரி, துடைத்துவிடலாமே என்று விரலை மட்டும் வைத்துவிடாதீர்கள், அதற்கென்றே ஸ்பிரே இருக்கிறது.

குளிர்ந்த காற்று ஏன்? சூடான காற்று விரிந்து மெலியும். 30 டிகிரி காற்றுக்குப் பதில் 60 டிகிரி காற்று உள்ளே போனால், ஒவ்வொரு மூச்சிலும் 9 சதவீதம் ஆக்சிஜன் குறைவு. வேடிக்கையைப் பாருங்கள்: கம்பெனியிலிருந்து வரும் ஏர் பாக்ஸ் பெரும்பாலும் கிரில் பக்கமோ மட்கார்டு பக்கமோ வாய் வைத்து வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தடுப்பு எதுவும் இல்லாத கூம்பு ஃபில்டரை இன்ஜின் பக்கத்தில் பப்பரப்பா என்று மாட்டினால், பெயர் கோல்டு ஏர். குடிப்பது வெந்த காற்று! நல்ல கிட் என்றால் தடுப்புச் சுவரோ மூடிய பெட்டியோ, பானெட்டோடு ஒட்டி நிற்கும் ரப்பர் விளிம்போ இருக்கும். வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதை. குழாயின் பளபளப்பை அப்புறம் பார்க்கலாம்.

மைலேஜ் கூடும் என்கிறார்களே? இதற்கு விடை வந்த இடம்தான் விசேஷம். அணுகுண்டுத் திட்டத்துக்காக 1943இல் டென்னசியில் உருவான ஓக் ரிட்ஜ் ஆய்வகம், 2009இல் காரின் அடைபட்ட ஏர் ஃபில்டரைச் சோதித்தது! கார்பரேட்டர் போன பிறகு வந்த இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகளில், ஃபில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். குறைந்தது பிக்கப்தான், அதாவது வேகம் எடுக்கும் திறன். காரணம் எளிது. சாதாரணமாக ஓட்டும்போது திராட்டில் என்ற கதவே காற்றைப் பாதி மறித்துக்கொண்டு நிற்கிறது. ஃபில்டர் கொஞ்சம் மறித்தால் கதவு கொஞ்சம் கூடத் திறந்துகொள்ளும், அவ்வளவே. முழுசாக மிதிக்கும்போது மட்டும்தான் வழியின் அகலம் தெரியவரும்.

அப்படியானால் காசு கொடுத்து வாங்கியவர்கள் எதற்காகச் சிரிக்கிறார்கள்? சத்தத்துக்கு! ஏர் பாக்ஸை ஒட்டி ரெசனேட்டர் என்று ஒரு வெற்று அறை இருக்கும். உறிஞ்சும் இரைச்சலை அமுக்குவதற்காகவே இன்ஜினியர்கள் வைத்தது. அது போனதும் இன்ஜின் உறுமல் நேராகக் காதுக்கு வரும். வண்டிக்குப் பலம் கூடியதாக மனசு நம்பும். இதில் உச்சக்கட்டக் கூத்து ஃபோர்டே செய்தது. டர்போ வி6 எக்கோபூஸ்ட் இன்ஜின் அமைதியாக ஓடியது ஆட்களுக்குப் பிடிக்காதோ என்று, எஃப்-150 வண்டியில் இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகக் கூட்டிக் கொடுத்தார்கள். ஆமாம், ஸ்பீக்கர் வழியாக!

கலிபோர்னியாவில் இந்த கிட்டை நினைத்தபடி மாட்ட முடியாது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்துக் கொடுத்த விலக்கு எண் வேண்டும். அதை பானெட்டுக்கடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்க வேண்டும். புகைச் சோதனைக்குப் போகும்போது கருவி என்ன சொல்கிறது என்பதோடு, இந்த ஸ்டிக்கரையும் கண்ணால் பார்ப்பார்கள். வாரண்டி போய்விடும் என்று மிரட்டும் டீலருக்கு 1975இன் மேக்னசன் மாஸ் சட்டம் பதில் வைத்திருக்கிறது: வெளிப்பாகம் மாட்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்றால் கதை வேறு.

இனி மலைக்குப் போவோம். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்துக்குள் நுழையும் இடம் சுமார் 3,400 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு! டர்போ இல்லாத 400 குதிரைசக்தி இன்ஜின் அந்த உயரத்தில் 280க்கு இறங்கிவிடும். எந்தச் சிவப்பு ஃபில்டரும் அந்த 120ஐத் திருப்பித் தராது. ஆனால் ஏறும்போது பலம் குறைந்தால் மெதுவாகப் போகலாம், ஆபத்தில்லை. சுரங்கத்தைத் தாண்டி மேற்கே 7 சதவீதச் சரிவில் இறங்கும்போதுதான் விஷயமே இருக்கிறது.

டிரெய்லரோடு சேர்த்து 5 டன் எடையுள்ள பிக்கப் அங்கே 600 மீட்டருக்கும் மேல் கீழே இறங்குகிறது. அந்த இறக்கம் முழுவதையும் பிரேக்கை மட்டுமே நம்பிச் சமாளித்தால், டிஸ்க்குகளில் சேரும் வெப்பம் எவ்வளவு தெரியுமா? கல்யாண வீட்டு அண்டாவில் 100 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம்! கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடிமானமாக வைக்காதவர்களுக்காகவே அந்தச் சாலையோரத்தில் பிரேக் போன லாரிகள் ஏறி நிற்கும் மேட்டுப்பாதைகள் இருக்கின்றன.

இன்னொரு கணக்கு. 2,500 கிலோ பிக்கப், 100 கிலோமீட்டர் வேகம். திடீரென்று அழுத்திப் பிடித்தால் மூன்றரை வினாடியில் நிற்கும். அந்த மூன்றரை வினாடியில் பிரேக் செய்யும் வேலை சராசரியாக 360 குதிரைசக்திக்கு மேல்! இன்ஜினுக்கு இணையான இயந்திரம் நான்கு சக்கரங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. அதற்கு ஸ்பீக்கரும் இல்லை, ரசிகர்களும் இல்லை. வேகம் 100லிருந்து 140 ஆனால் அந்த வெப்பம் ஏறக்குறைய இரட்டிப்பு.

இந்தச் சூட்டில் முதலில் கைவிடுவது இரும்பு அல்ல, பிரேக் ஆயில். டாட் 3 என்று டப்பாவில் போட்டிருக்கும் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் விதி கேட்பதே வெறும் 140 டிகிரிதான்! கொதித்தால் நீராவி, நீராவியை அமுக்கலாம், ஆகவே மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. டாட் 4க்கு இதே கணக்கு 230, 155. என்னைக் கேட்டால், பிக்கப்பில் செய்யக்கூடிய மிகச் சிறந்த பிரேக் மேம்பாடு பழைய ஆயிலை எடுத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுவதுதான். கண்காட்சியில் யாரும் கைதட்ட மாட்டார்கள். பெயிண்டில் சிந்திவிடாதீர்கள், அதையும் அரித்துவிடும்.

அடுத்தது பிரேக் பேட். கழற்றிய பேடின் விளிம்பைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். கம்பெனி எழுத்துகளுக்கு நடுவே எஃப்எஃப், ஜிஜி, ஈஎஃப் என்று இரட்டை ஆங்கில எழுத்து பொடியாக அச்சாகியிருக்கும். அதுதான் பேடின் ஜாதகம்! முதல் எழுத்து மிதமான சூட்டில் பிடிமானம், இரண்டாவது கடும் சூட்டில். ஈ என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35, எஃப் 0.45 வரை; ஜி 0.55 வரை. சோதனை நடப்பது ஒரு அங்குலச் சதுரத் துண்டில் என்பதால் ஒரே எழுத்துள்ள இரண்டு பேடுகள் ரோட்டில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று சத்தியம் செய்ய முடியாது.

இதைவிட ஆச்சரியம்: ஏர் ஃபில்டர் குழாய்க்குக் கலிபோர்னியா விலக்கு எண் கேட்கும் அமெரிக்காவில், கடையில் விற்கும் மாற்று பிரேக் பேட் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று மத்திய அரசின் தரவிதி எதுவும் கிடையாது! ஐரோப்பாவில் உண்டு: ஆர்90 விதிப்படி மாற்று பேட், ஒரிஜினலின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது.

ஆனால் பேடுக்குள் என்ன இருக்கக் கூடாது என்பதில் அமெரிக்காவில் கண்டிப்பு. காரணம் யார் தெரியுமா? சால்மன் மீன்! பேட் தேய்ந்து உதிரும் செம்புத் தூள் மழையில் அடித்துக்கொண்டு ஓடையில் சேர்கிறது. இளம் சால்மன்களின் மோப்ப சக்தியைக் கெடுக்கிறது. எதிரி வருவது தெரியாமல் இரையாகின்றன. வாஷிங்டன் மாநிலமும் கலிபோர்னியாவும் 2010இல் சட்டம் போட்டன. 2025 முதல் புதிய பேடில் 0.5 சதவீதத்துக்கு மேல் செம்பு கூடாது. பேட் பெட்டியில் மூன்று இலைகள் அச்சிட்டிருந்தால் இந்தத் தேர்வில் தேறியது என்று அர்த்தம். இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்ற இன்ஜினியர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியபோது பேடாக வைத்தது செம்பைத்தான். அது போட்ட கிறீச்சில் ஊரே காதைப் பொத்தியிருக்கும்! அதே நாட்டில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், மலைச்சரிவில் வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸைச் சக்கரத்தில் கொடுத்து நிறுத்துவதைப் பார்த்துத்தான் பிரேக் லைனிங் செய்யக் கிளம்பினார் என்பார்கள். 1897இல் அவர் தொடங்கிய ஃபெரோடோ இன்றும் பேட் விற்கிறது.

துளை போட்ட டிஸ்க் அழகுதான். பழைய காலப் பேடுகள் சூட்டில் கக்கிய வாயு வெளியேறத் துளை தேவைப்பட்டது. இன்றைய பேடுகளில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. துளை போட்டால் வெப்பம் தாங்கும் இரும்பு குறையும், விளிம்பில் விரிசலும் தொடங்கலாம். பாரம் இழுக்கும் பிக்கப்புக்குத் துளையில்லாத கனமான டிஸ்க்கோ, கோடு கீறிய டிஸ்க்கோதான் என் ஓட்டு. பேடைப் பிடித்திருக்கும் காலிப்பருக்கு மேல் மாட்டும் சிவப்பு மூடி என்று ஒன்று விற்கிறார்கள். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் சில டிஸ்க்குகளைச் சுடுகிறது தெரியுமா? நைட்ரஜன் நிறைந்த அடுப்பில் 560 டிகிரியில், 24 மணி நேரம் வரை! மேலே 10 மைக்ரான் தடிமனில், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு, ஒரு படலம் உருவாகும். துரு சட்டென்று அண்டாது. உப்புத் தூவும் பனிச்சாலை ஊர்களில் இது பெரிய விஷயம்.

புது பேட் மாட்டியதும் வேலை முடிந்துவிடாது. பேடின் மெல்லிய பூச்சு டிஸ்க் முழுவதும் சமமாக ஒட்ட வேண்டும். அதற்கு 30-30-30 என்று ஒரு முறை: மணிக்கு 30 மைல் வேகத்திலிருந்து மெதுவாக 30 தடவை பிரேக், ஒவ்வொன்றுக்கும் நடுவே 30 வினாடி ஆறவிடுதல். இதைச் செய்யாமல், சூடான டிஸ்க்கில் பேடை அழுத்திப் பிடித்தபடி சிக்னலில் நின்றால் அந்த இடத்தில் மட்டும் திட்டு படியும். அப்புறம் ஸ்டியரிங் நடுங்கும்; மெக்கானிக் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார். வளைந்திருக்காது! மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தடிமன் வேறுபாடே கையை உதறவைக்கப் போதும்.

கடைசியாக டயர். 31 அங்குல டயரைக் கழற்றி 35 அங்குலம் மாட்டினால், அதே பிரேக் ரோட்டில் காட்டும் பிடி 11 சதவீதம் குறையும். கணினியில் டயர் அளவை மாற்றிப் பதியாவிட்டால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி ஓடுவது 113இல்; நிறுத்த வேண்டிய ஆற்றல் 27 சதவீதம் அதிகம்! அந்த டயரை மாட்டியவர் கையோடு அடுத்து ஆர்டர் போடுவது பெரும்பாலும் என்ன தெரியுமா? ஏர் இன்டேக்!