வலையொலிக் கேட்போர் எண்ணிக்கை: வெவ்வேறு தளங்களின் அளவீடுகளை ஒப்பிடுவதில் எழும் சிக்கல்கள்

ஆய்வுச் சுருக்கம்

வலையொலி எனப்படும் பாட்காஸ்ட் குறித்த ஊடக ஆய்வுகளில் தரவிறக்கம், ஸ்ட்ரீம், பார்வை, கேட்போர் ஆகிய எண்கள் ஒரே பொருளைச் சுட்டுவனவாகக் கையாளப்படுவதுண்டு. இவை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நிகழ்வுகளை எண்ணிப் பெறப்பட்டவை. எனவே அவற்றைக் கூட்டவோ நேருக்கு நேர் ஒப்பிடவோ இயலாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வலையொலி, தரவிறக்கம், கேட்போர் அளவீடு, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், ஸ்பாட்டிஃபை, யூடியூப்

முன்னுரை

வானொலி நேயர்களின் எண்ணிக்கை மாதிரிக் கணக்கெடுப்பின் வழியே மதிப்பிடப்பட்டு வந்தது. இணையத்தில் ஒவ்வொரு வேண்டுகோளும் வழங்கியின் பதிவேட்டில் இடம்பெறுவதால் கணக்கு துல்லியமாகும் என்ற எதிர்பார்ப்பு இயல்பானதே. வலையொலியில் அது முழுமையாக நிறைவேறாமைக்கு அதன் விநியோக முறையே காரணமாகும். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஆர்.எஸ்.எஸ். 0.92 பதிப்பு, செய்தி ஓடையுடன் ஒலிக்கோப்பின் முகவரியை இணைத்து அனுப்ப வழிசெய்தது. அந்த அமைப்பில் வழங்கி கோப்பை அனுப்புவதோடு தன் பணியை முடித்துக்கொள்கிறது. அனுப்பப்பட்ட கோப்பு கேட்கப்பட்டதா என்பதை வழங்கி அறியாது. கேட்கும் செயலி மட்டுமே அறியும்.

வழங்கியின் கணக்கு

ஐ.ஏ.பி. டெக் லேப் 2017 டிசம்பரில் வெளியிட்ட 2.0 பதிப்பு நெறிமுறைகள், எதைத் தரவிறக்கம் எனக் கொள்வது என்பதை வரையறுத்தன. ஒரு நிமிட ஒலிக்குத் தேவையான தரவு அனுப்பப்பட்டிருத்தல் வேண்டும்; ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து ஒரே வகைக் கருவியும் செயலியும் 24 மணி நேரத்திற்குள் எத்தனை முறை கேட்பினும் அது ஒன்றாகவே கொள்ளப்படும். தானியங்கி நிரல்களின் வேண்டுகோள்கள் நீக்கப்படும். 128 கிலோபிட் வேகத்தில் பதிவான ஒலியில் ஒரு நிமிடம் என்பது ஏறத்தாழ 960 கிலோபைட். நல்ல இணைப்பில் இவ்வளவு தரவு ஓரிரு நொடிகளில் இறங்கிவிடும். ஆகவே, நெறிமுறையில் உள்ள ஒரு நிமிடம் ஒலியின் அளவேயன்றிக் கேட்ட நேரம் அன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே இத்துறை ஆய்வுகளில் நேரக்கூடிய முதற்பிழை.

தனித்த கேட்பவரை அடையாளம் காண்பதிலும் இக்கணக்கு இருபுறமும் வழுவக்கூடியது. விடுதி ஒன்றின் வைஃபை இணைப்பில் ஒரே வகைக் கைப்பேசியையும் ஒரே செயலியையும் பயன்படுத்தும் நான்கு மாணவர்கள் ஓர் அத்தியாயத்தைக் கேட்டால், பதிவேட்டில் அவர்கள் ஒருவராகத் தோன்றலாம். அதே அத்தியாயத்தின் முற்பகுதியை வீட்டிலும் பிற்பகுதியைப் பேருந்தில் கைப்பேசித் தரவிலும் கேட்கும் ஒருவர், ஐ.பி. முகவரி மாறுவதால் இருவராகக்கூடும்.

செயலிகளின் கணக்கு

செயலிகள் கேட்டலையே அளக்கின்றன. ஆயினும் அவற்றின் எல்லைக்கோடுகள் வேறுபடுகின்றன. ஸ்பாட்டிஃபையில் ஒலி தொடங்கிய கணத்திலேயே ‘தொடக்கம்’ பதிவாகும். 60 நொடிகள் கேட்கப்பட்ட பின்னரே அது ‘ஸ்ட்ரீம்’ ஆகும். 40 நொடிகளில் விலகியவர் முன்னதில் உண்டு, பின்னதில் இல்லை.

ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கருவிகளை எண்ணுகிறது. ஒலியைச் சிறிதளவேனும் இயக்கிய கருவி ‘கேட்போர்’ கணக்கில் சேரும். ஓர் அத்தியாயத்தில் 20 நிமிடம் அல்லது 40 விழுக்காடு இயக்கிய கருவி ‘ஈடுபாடுள்ள கேட்போர்’ கணக்கில் சேரும். இவ்வரையறை நடுநிலையானதாகத் தோன்றினும் அத்தியாயத்தின் நீளத்தைப் பொறுத்து வேறுவேறாகச் செயல்படுகிறது. 15 நிமிட அத்தியாயத்தில் 6 நிமிடம் போதுமானது. 50 நிமிட அத்தியாயத்தில் இரு அளவுகோல்களும் 20 நிமிடத்தில் ஒன்றுகின்றன. 2 மணி நேர உரையாடலிலோ 20 நிமிடம் என்பது 17 விழுக்காட்டிற்கும் குறைவு. நீண்ட உரையாடல் தொடர் ஒன்றையும் குறுகிய பாடத்தொடர் ஒன்றையும் இவ்வெண்ணைக் கொண்டு ஒப்பிட்டு, முன்னதற்கே ஈடுபாடு மிகுதி என முடிவுகட்டுவது பொருந்தாது.

ஐ.ஓ.எஸ். 17 மாற்றம்

இரு கணக்குகளும் பிரியும் இடத்தைத் தெளிவாகக் காட்டியது 2023 செப்டம்பரில் வெளியான ஐ.ஓ.எஸ். 17. ஒரு தொடரைப் பின்தொடர்பவர் சில காலம் கேளாதிருந்தால் ஆப்பிள் செயலி தானியங்கித் தரவிறக்கத்தை இடைநிறுத்தும். முன்னர், அவர் மீண்டும் கேட்கத் தொடங்கியதும் இடைக்காலத்தில் வெளிவந்த அத்தியாயங்களும் தாமாகவே இறங்கின. புதிய பதிப்பில் இவ்வழக்கம் கைவிடப்பட்டது. அதன் விளைவாக, நாள்தோறும் வெளிவருவனவும் பழைய அத்தியாயங்கள் மிகுந்தனவுமான தொடர்களின் தரவிறக்க எண்கள் குறிப்பிடத்தக்க அளவு சரிந்தன. கேட்போர் ஒருவரும் விலகாமலே நிகழக்கூடிய சரிவு இது. முன்பு எண்ணப்பட்டவற்றுள் ஒரு பகுதி எவரும் திறவாத கோப்புகளே என்பது இதனால் வெளிப்பட்டது. 2023-ஐ உள்ளடக்கிய காலவரிசைத் தரவைக் கையாளும் ஆய்வாளர் இம்முறிவைக் குறிப்பிடாவிடில், செயலியின் மாற்றத்தை நேயரின் மாற்றமாக வாசிக்க நேரும்.

ஓடைக்கு வெளியே நிகழும் கேட்டல்

2024-இல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலி மூடப்பட்டு, அதன் பயனர்கள் யூடியூப் மியூசிக்கிற்கு வழிகாட்டப்பட்டனர். யூடியூப் ஓடையிலிருந்து ஒலிக்கோப்பின் படி ஒன்றை எடுத்துத் தன் வழங்கியில் வைத்துக்கொள்கிறது. அதன் பின்னர் அங்கு நிகழும் கேட்டல் படைப்பாளரின் பதிவேட்டை எட்டுவதில்லை. ‘பார்வை’ என்ற பெயரில் யூடியூபிலேயே தங்கிவிடுகிறது. ஸ்பாட்டிஃபையில் காணொளி ஏற்றப்படும்போது அது ஓடைவழி ஒலியின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அங்கும் இதே விளைவு ஏற்படலாம். தரவிறக்கம் குறைந்தமைக்கு நேயர் விலகியதும் காரணமாகலாம், நேயர் தளம் மாறியதும் காரணமாகலாம்; பதிவேட்டை மட்டும் கொண்டு இவற்றைப் பிரித்தறிய வழியில்லை.

அமெரிக்காவின் தேசியப் பொது வானொலியான என்.பி.ஆர்., 2018 டிசம்பரில் ‘ரேட்’ என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. ஒலிக்கோப்பினுள் குறியீடுகளைப் பதித்து, கேட்பு அக்குறியீட்டை எட்டும்போது செயலி படைப்பாளருக்குத் தகவல் அனுப்பும் வகையில் அது அமைந்தது. செயலி நடத்துவோரின் ஒத்துழைப்பு இன்றி இயங்காத அம்முறை பரவலாக ஏற்கப்படவில்லை. கேட்டல் குறித்த தரவு செயலி நிறுவனங்களின் உடைமையாகவே தொடர்கிறது.

ஆய்வாளர் செய்யத்தக்கன

ஒரே தளத்தில், ஒரே வரையறையின்கீழ், காலப்போக்கில் நிகழும் ஏற்ற இறக்கத்தை ஒப்பிடுவது ஏற்புடையது. தளங்களுக்கிடையே ஒப்பிட நேர்ந்தால், மொத்த எண்களைவிட, அத்தியாயத்தின் எந்த நிமிடத்தில் எத்தனை விழுக்காட்டினர் எஞ்சினர் என்னும் வளைகோடுகள் ஓரளவு நம்பத்தக்கவை. அவையும் அந்தந்தத் தளத்தின் பயனரை மட்டுமே காட்டும். எண்ணை மேற்கோள் காட்டும் ஆய்வேடு, அதன் அலகு, எண்ணிய இடம், எண்ணப்பட்ட கால அளவு, நெறிமுறைப் பதிப்பு ஆகியவற்றை உடன் தருதல் இன்றியமையாதது. வெளியீட்டுக்குப் பின் 7 நாள்களில் எடுத்த எண்ணும் 30 நாள்களில் எடுத்த எண்ணும் ஒரே அட்டவணையில் வேறுபாடின்றி இடம்பெறுதல் கூடாது.