ஹாம் தேர் பார்க்க ஒரு விசா

ஜெர்மனியின் ஹாம் நகரில், 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயிலில் கோடையில் தேர் ஓடும். அதைப் பார்த்துவிட்டு மகள் வீட்டிலும் தங்கிவர நினைக்கும் சென்னைத் தம்பதிக்குத் தேவை, பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் ஷெங்கன் விசா.

180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45. விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம்.

விண்ணப்ப மையத்தில் பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்தி ரேகை பதிய வேண்டும். கடந்த 59 மாதத்துக்குள் பதிந்திருந்தால் பொதுவாக அதுவே போதும்.

கோப்பில் முக்கியமானவை இரண்டு: 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று. கைச்சேமிப்பு போதவில்லையா? மகள் தன் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி, ‘ஃபெர்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்லேருங்’ என்ற உறுதிமொழிப் பத்திரம் வாங்கி அனுப்பலாம். வைத்தியச் செலவு உட்பட, பெற்றோரின் செலவுக்கெல்லாம் மகளே பொறுப்பு என்று அதில் கையெழுத்திட வேண்டும்.

2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு ஒரு சலுகை வந்தது. மூன்றாண்டுக்குள் இரண்டு விசாவை முறையாகப் பயன்படுத்தியவர்கள், பலமுறை போய்வரும் ஈராண்டு விசா பெறலாம். பாஸ்போர்ட்டில் காலம் மிச்சமிருந்தால், அடுத்தது வழக்கமாக ஐந்தாண்டு விசா.