பெயர் வேண்டும், பிள்ளை வேண்டாம்!

மாவீரன் அலெக்சாந்தரின் கதை, அவன் பாபிலோனில் கண்மூடியதோடு முடிந்துவிட்டது என்றே பள்ளி நாட்களில் எண்ணியிருந்தேன். கல்லூரியில் வரலாற்றை முதன்மைப் பாடமாக எடுத்த பிறகுதான், அதற்குப் பின் நடந்தது அதனினும் பெரிய கதை என்பதை அறிந்தேன். அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கி.மு. 323 ஜூன் திங்கள். 32 வயதில் அலெக்சாந்தர் மாண்டபோது அரியணை ஏற வளர்ந்த மகன் இல்லை. மனைவி ரோக்சானா கருவுற்றிருந்தாள். வேற்றுத்தாய்ச் சகோதரன் அரிடேயஸோ மனவளம் குன்றியவன். காலாட்படையினர் அரிடேயஸை மன்னனாக்கினர். பிறந்த ஆண்குழந்தைக்கும் பின்னர் மன்னர் பட்டம் தரப்பட்டது. இருவருக்கும் காப்பாளன் தளபதி பெர்டிக்காஸ். ஆட்சிப் பகுதிகளைத் தளபதிகள் பங்கிட்டுக்கொண்டனர்.

பங்கு போட்டவர்கள் சும்மா இருப்பார்களா? எகிப்தைப் பெற்ற தாலமி, அலெக்சாந்தரின் உடலையே வழிமறித்துக் கொண்டுபோனான். அவனைத் தண்டிக்கப் படையெடுத்த பெர்டிக்காஸ், நைல் நதியைக் கடக்க இயலாமல், தன் படைத்தலைவர்கள் கையாலேயே மடிந்தான். கி.மு. 317-இல் அரிடேயஸை அலெக்சாந்தரின் தாய் ஒலிம்பியாஸ் கொல்வித்தாள். மறு ஆண்டே அவளைக் கசாண்டர் ஒழித்தான். எஞ்சியவன் சிறுவன் மட்டுமே.

கி.மு. 311-இல் தளபதிகள் உடன்படிக்கை செய்தனர். சிறுவன் வயதுக்கு வரும்வரை ஐரோப்பியப் பகுதி கசாண்டர் பொறுப்பில் இருக்கும் என்றது அது. அந்த வாசகமே சிறுவனுக்குத் தூக்குக் கயிறாயிற்று! வயதுக்கு வந்தால் ஆட்சியை ஒப்படைக்க வேண்டுமே! ஏறத்தாழ ஓராண்டில், தன் காவலில் இருந்த தாயையும் மகனையும் கசாண்டர் மறைவாகக் கொல்வித்தான். மற்றவர்கள் அவனைத் தண்டிக்கவில்லை.

என்னை வியக்க வைத்தது இனிமேல் நடந்ததுதான். பாபிலோனின் களிமண் ஏடுகள் இறந்த சிறுவனின் ஆட்சியாண்டையே மேலும் சில ஆண்டுகள் குறித்து வந்தன! ஆள்வோருக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டது; பிள்ளைதான் தேவைப்படவில்லை. கி.மு. 306-இல்தான் ஆண்டிகோனஸ் துணிந்து முடி சூடினான். தாலமி, செல்யூகஸ், லைசிமாக்கஸ், கசாண்டர் ஆகியோரும் மன்னர்களாயினர்.

கி.மு. 301-இல் இப்சஸ் போர்க்களத்தில் ஏறத்தாழ எண்பது வயது ஆண்டிகோனஸ் வீழ்ந்தான். சந்திரகுப்த மௌரியரோடு உடன்பாடு செய்து செல்யூகஸ் பெற்றிருந்த யானைகளே அன்று வெற்றி தேடித் தந்தன. ஒரே பேரரசு என்ற கனவும் அங்கே சிதைந்தது.

தேர்வில் இப்சஸ் போரின் ஆண்டைக் கேட்பார்கள், எழுதிவிடுவேன். ஆனால் என் நெஞ்சில் நிற்பது அந்தப் போரன்று. ஒரு நாளும் ஆளாத அந்தப் பதின்மூன்று வயதுச் சிறுவனே!