கூலிக்காரர் குழந்தைகளும் மாண்டிஸோரிக் கல்வியும்

உத்தமபாளையம் தாலுகாவில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், கோம்பைக்கும் தேவாரத்துக்கும் இடையே உள்ள பண்ணைப்புரம், சங்கீதத்தின் பொருட்டு உலகம் அறிந்த ஊராகும். பாவலர் வரதராசனையும் இளையராஜாவையும் ஈன்ற மண் அது. ஆனால் நாம் இன்று எழுதப் புகுவது பொழுது புலருமுன் அந்த வட்டாரத்து வீதிகளில் கேட்கும் வேறோர் ஓசையைக் குறித்து. ஏலத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பு வண்டிகளின் ஓசை அது. பெரும்பாலும் பெண்களே அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்து, மலையேறி, கேரள எல்லையைக் கடந்து வேலைக்குச் செல்கின்றனர். இருட்டியபின் வீடு திரும்புவோரும் உண்டு. தூக்குச் சட்டியில் சோறு கட்டி எடுத்துச் செல்லும் அந்தத் தாய் வீட்டில் விட்டுச் செல்லும் மூன்று வயதுக் குழந்தையின் பகற்பொழுது எவ்வாறு கழிகிறது? இக்கேள்வியைக் கேட்போர் நம்மில் மிகச் சிலரே.

1907-ஆம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி ரோமாபுரியில் இதே கேள்வியிலிருந்துதான் மாண்டிஸோரிக் கல்வி பிறந்தது. ஸான் லொரென்ஸோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில், ஒரு கட்டடக் கம்பெனியார் பழைய வீடுகளைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டிருந்தனர். தாயும் தந்தையும் வேலைக்குப் போனபின், பள்ளி வயது எட்டாத குழந்தைகள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கின. மறுபடியும் வெள்ளையடிக்கும் செலவைவிட, ஓர் அறையை ஒதுக்கிக் குழந்தைகளை அதில் வைத்துப் பார்த்துக் கொள்வது மலிவு என்று கம்பெனியார் கணக்கிட்டனர். அந்த அறையின் பொறுப்பை ஏற்ற வைத்தியப் பெண்மணிதான் மரியா மாண்டிஸோரி. உலகத்துக் கல்வி முறையையே அசைத்த ஒரு காரியம் தர்மசிந்தையால் அன்றி, வெள்ளையடிப்புக் கணக்கால் தோன்றியது என்பது ஒரு வேடிக்கையே.

அங்கே வந்து சேர்ந்த ஏறக்குறைய 50 குழந்தைகளும் அழுக்குடையும் அச்சமும் கொண்டவர்கள். அவர்களுக்கு அம்மையார் ஒரு நாள் மூக்குச் சிந்தும் விதத்தைச் செய்து காட்டினார். கைக்குட்டையை மடித்து, பிறர் கவனம் கவராமல், ஓசையின்றித் துடைப்பது எவ்வாறு என்று காட்டினார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தால், குழந்தைகள் கைதட்டி ஆரவாரித்தனராம். மூக்கொழுகுவதற்காகப் பெரியவர்களிடம் ஓயாது ஏச்சுக் கேட்ட குழந்தைகள் அவர்கள். அதற்குமுன் எவரும் அவமதிக்காமல் கற்றுக் கொடுத்ததில்லை. மாண்டிஸோரி முறையைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்கள் அனைத்தையும்விட இந்தக் கைதட்டல் அதன் உட்கருத்தை நன்கு விளக்குவதாக நாம் கருதுகிறோம்.

அந்த முறையில் பெருக்குவதும், துடைப்பதும், நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்குச் சிந்தாமல் ஊற்றுவதும், பொத்தான் மாட்டுவதும் பாடங்கள். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவித் தடவி, எழுதுகோலைப் பிடிக்குமுன்பே கை அந்த எழுத்தைக் கற்றுக் கொள்கிறது. மூன்று வயதினரும் ஆறு வயதினரும் ஒரே அறையில் பழகுகின்றனர். பெரியவன் சின்னவனுக்குச் சோறு பரிமாறுகிறான், சின்னவன் பெரியவனைப் பார்த்தே கற்கிறான். பரிசும் இல்லை, பிரம்பும் இல்லை.

அம்மையார் 1939 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தார். ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பின்மேல் சென்னை அடையாற்றில் நடத்திய முதல் பயிற்சியில் சுமார் 300 பேர் சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார். முஸோலினி சர்க்காருடன் முரண்பட்டு, 1934-ல் தாய்நாட்டை விட்டு வெளியேறியவர் அவர். அப்படிப்பட்டவரையே, 1940-ல் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், பிரிட்டிஷ் சர்க்கார் பகை நாட்டினராகப் பாவித்து நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது! மகனை ஆமத்நகர் முகாமில் அடைத்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளான ஆகஸ்டு 31-ந் தேதியன்றுதான் வைஸ்ராய் அவரை விடுவித்தார்.

பிறகு 1942 முதல் 1944 வரை அம்மையார் கொடைக்கானலில் தங்கினார். நம் பெரியகுளத்துக்கு நேர் மேலேயுள்ள மலை அது. பல வயதுக் குழந்தைகளை ஒன்றாக வைத்து, இலையையும் பாசியையும் பூச்சியையும் நேரில் பார்க்கச் செய்து, மண், நீர், செடி, பிராணி, மனிதன் என எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் உறவைக் கற்பிக்கும் முறை அங்கேதான் வளர்ந்தது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன அதில் அவருக்குத் துணை நின்றார். ஆனால் அந்தக் கல்வி மலையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கி வரவில்லை. மோட்டார் சாலை ஏற்படுமுன் துரைமார்களைத் தோளில் சுமந்து பெரியகுளத்து வழியாக மலையேறியவர்கள் இந்தப் பக்கத்துக் கூலிகள். சுமந்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு அங்கிருந்து ஒன்றும் வந்து சேரவில்லை. இன்று மாண்டிஸோரி என்ற பெயர் பட்டணங்களில் கட்டணம் மிகுந்த பள்ளிகளின் பலகைகளில் தொங்குகிறது. அப்பலகைகள் பலவற்றின் பின்னே இருப்பது வர்ணம் பூசிய நாற்காலிகளும் ஆங்கிலப் பாட்டுமே.

மகாத்மா காந்தி இந்த ஆபத்தை முன்னமே உணர்ந்திருந்தார். 1931 அக்டோபரில் லண்டனில் மாண்டிஸோரி பயிற்சிக் கல்லூரியில் பேசுகையில், செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டுமின்றி ஏழை எளியவரின் குழந்தைகளுக்கும் இத்தகைய பயிற்சி கிடைக்க வேண்டும் என்ற தமது ஆவலை அவர் வெளியிட்டார். அதைச் செய்து காட்டியவர்களும் நம் தேசத்தில் இருந்தனர். பாவநகரில் 1920-ல் குழந்தைப் பள்ளி நிறுவிய கிஜுபாய் பதேகாவை மக்கள் மீசை முளைத்த தாய் என்றே அழைத்தனர். அவரோடு உழைத்த தாராபாய் மோடக், 1945-ல் பம்பாய் மாகாணத்துப் போர்டி கிராமத்திலும், பின்னர் கோஸ்பாட் மலையில் வார்லி ஆதிவாசிகளிடையேயும், விலையுயர்ந்த மரச் சாதனங்களுக்குப் பதிலாக விதை, கூழாங்கல், இலை, சிப்பி ஆகியவற்றைக் கொண்டு அதே கல்வியை நடத்தினார். குழந்தைகள் பள்ளிக்கு வராவிட்டால் அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் பள்ளி போயிற்று. முற்றத்தில் நடந்ததால் அதற்கு அங்கன்வாடி என்று பெயர். 1975 அக்டோபர் 2-ந் தேதி மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்தின் நிலையங்களுக்கும் அப்பெயரே நிலைத்தது.

ஆகவே கிராமத்து அங்கன்வாடிக்கு மாண்டிஸோரி அந்நியப் பொருளன்று. அந்த வீட்டிலிருந்து வந்த பெண்தான் அது. பிறந்த வீட்டை மறந்து போயிற்று, அவ்வளவே. சத்துமாவும் மதிய உணவும் கொடுப்பதை நாம் குறைத்துப் பேசவில்லை. பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது. ஆனால் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் எடை பார்த்து, சமைத்து, பதிவேடுகளை எழுதி, கைப்பேசியிலும் பதிந்து முடிப்பதற்குள் குழந்தை தூங்கி விடுகிறது. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2022-ல் அவற்றை நிறுத்துவதாகச் செய்தி பரவி, கண்டனம் எழுந்தபின் தொடரும் என்று அறிவிக்கப்பட்டது. இவ்வாறு ஊசலாடும் ஏற்பாட்டில் எந்த உபாத்தியாயினிதான் நிலைத்துக் கற்பிக்க முடியும்?

கைவேலை என்றதுமே நம்மவரில் பலர் முகம் சுளிப்பதை நாம் அறிவோம். அச்சுளிப்புக்குக் காரணம் உண்டு. 1953-ல் ராஜாஜி மந்திரிசபை, அரை நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று வகுத்த திட்டத்தில் ஜாதித் தொழிலின் நிழலைக் கண்டு தமிழ்நாடு கொதித்தெழுந்தது. அடுத்த வருஷம் காமராஜ் பதவி ஏற்றபின் அது கைவிடப்பட்டது. மாண்டிஸோரிப் பள்ளியில் நடப்பது அதற்கு நேர் எதிரானது. அங்கே துடைப்பம் எல்லோர் கைக்கும் வரும். நிலம் உள்ளவர் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே தட்டைக் கழுவி, ஒருவர்க்கொருவர் நீர் மொண்டு கொடுப்பார்கள். மேலத்தெரு, கீழத்தெரு என்று பிரிந்து கிடக்கும் ஓர் ஊரில், மூன்று வயதிலேயே இப்பழக்கம் ஏற்படுவது நூறு மேடைப் பிரசங்கங்களுக்கு மேலானது. இதை விரும்பாதவர்களும் ஊரில் இருப்பார்கள் என்பதை மறைப்பானேன்? அவர்கள்தான் முதலில் தனிப் பள்ளிக்கூட வண்டிக்குச் சந்தா கட்டுவார்கள்.

பண்ணைப்புரத்தில் இதற்கு வேண்டிய சாமான்களுக்குப் பஞ்சமில்லை. புளியங்கொட்டை எண்ணுவதற்கு, ஓடை மணல் எழுத்து வரைவதற்கு, மூங்கில் துண்டுகள் நீள அகலம் அறிவதற்கு. தாய் நாள்தோறும் பறிக்கும் ஏலக்காயில் ஒரு கைப்பிடி இருந்தால், கண்ணைக் கட்டிக் கொண்டு பெரிது சிறிது பிரிக்கலாம். கூலிக்காக அன்று, விரல் நுனிக்கு அறிவு வருவதற்காக. சற்றுப் பெரிய பிள்ளைகள், 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்த வழியே இறங்கி வந்து நம் வயலுக்குப் பாயும் பாதையைத் தரையில் மணலால் அமைக்கலாம். அதில் பூகோளமும் கணக்கும் சரித்திரமும் அடங்கும்.

குறை சாமானில் இல்லை. நேரத்திலும் பயிற்சியிலும் இருக்கிறது. ஜீப்பு விடியுமுன் புறப்படுகிறது; அங்கன்வாடிக் கதவு பள்ளி நேரத்தை ஒட்டித் திறக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் குழந்தை பாட்டியின் பொறுப்பு, பாட்டி இல்லாவிட்டால் தெருவின் பொறுப்பு. ஆகவே விடியற்காலையிலேயே நிலையத்தைத் திறக்கவும், அதற்கென இன்னொரு பணியாளரை நியமிக்கவும், அவருக்கு இந்த முறையைத் தமிழிலேயே பழக்கவும் சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும். இவர்கள் உழைப்பால் லாபம் பெறும் தோட்ட முதலாளிகளையும் செலவில் பங்கு கேட்கலாம்; சுவருக்காகச் செலவிட்ட ரோமாபுரிக் கம்பெனியார் அளவுக்காவது அவர்கள் கணக்குப் பார்க்கட்டும். ஊர்த் தொண்டர்கள் செய்யக்கூடிய முதற்காரியம், எந்தத் தெருவில் எத்தனை குழந்தைகள் விடியலில் தனியே விடப்படுகின்றனர் என்று வீடு வீடாய்ச் சென்று எழுதிப் பேரூராட்சிக்குக் கொடுப்பதாகும். ஆடி, ஆவணியில் ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிடும். அந்தக் கணக்கு அதற்குமுன் எடுக்கப்பட வேண்டும்.